வெறும் வயிற்றோடு வாருங்கள்

பித்தப்பைக்கு ஆணையிடும் ஓமோன்கள்: படுவான்கரையிலிருந்து ஒரு விசாரணை

வெல்லாவெளிச் சந்தியில் விடியற்காலையிலே முதல் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களுள், ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மறு கையில் சோற்றுப் பொதியுமாக, ஆனால் அந்தப் பொதியைத் திரும்பியும் பாராமல் நிற்கும் பெண்ணொருத்தியை எப்போதாவது நீங்கள் காணக்கூடும். போரதீவைக் கடந்து, பட்டிருப்புப் பாலத்தின்மேல் வாவியைத் தாண்டி, களுவாஞ்சிகுடிப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே வயிற்றை ஸ்கான் செய்வித்துக்கொள்ள வேண்டியவள் அவள். அவளுடைய ஐந்து மாதக் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்த தாய், “ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போ புள்ள” என்கிறாள். “வேணாம் அம்மா, ராத்திரிக்குப் பிறகு ஒண்டும் வாயில வைக்கப்படாதாம்” என்கிறாள் மகள். வலது விலாவின் கீழே நோவென்று இரவெல்லாம் துடித்தவளைப் பட்டினியாகவும் அலைய விடுவது என்ன வைத்தியமோ என்று தாய் முணுமுணுக்கிறாள்.

தாயின் முணுமுணுப்பு நியாயமானதே. ஆயினும், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற அந்தச் சிறு கட்டளைக்குள்ளே, கடந்த நூற்றிருபது ஆண்டுகளாக உடற்றொழில் ஆராய்ச்சியாளர்கள் படிப்படியாகக் கண்டறிந்த ஒரு பெரிய உண்மை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உண்ணாதவரின் பித்தப்பை நிறைந்து, ஈரலின் அடியிலே தூக்கணாங்குருவிக் கூடுபோலத் தொங்கும். அந்த நிலையிலே ஸ்கான் கருவியின் திரையில் அதன் வடிவமும், உள்ளே கல் கிடந்தால் அந்தக் கல்லும், கல்லின் பின்னே விழும் நிழலும் தெளிவாகத் தெரியும். பாலும் தேங்காயும் கலந்த ஏதேனும் ஒன்றை ஒரு வாய் உண்டுவிட்டாலோ, குடலிலிருந்து ஓர் ஆணை பிறந்து, இரத்தத்தின் வழியே சென்று, அந்தப் பையைச் சுருங்கச் செய்துவிடும். சுருங்கிய பையின் மடிப்புக்குள்ளே கல் ஒளிந்துகொள்ளும். அந்த ஆணையை இடுவது எது, அதற்குப் பித்தப்பை கீழ்ப்படிவது எவ்வாறு, கீழ்ப்படியாமற் போவது எப்போது, பெண்களுக்கு இந்த நோவு அதிகமாக வருவது ஏன் என்பனவே இக்கட்டுரையின் விஷயம்.

பித்தம் என்னும் பழம் பெயர்

நம்மவர்க்குப் பித்தம் பழகிய சொல். காலையில் வாய் கசந்தாலும், வெயிலில் நடக்கையிலே தலை சுற்றினாலும், கோபம் மிகுந்தாலும், ஆசை மிகுந்தாலும், எல்லாவற்றுக்கும் பித்தத்தின்மேலேயே பழி போட்டுவிடுகிறோம். இறைவனையே பித்தனென்று அழைத்து மகிழும் உரிமையையும் நமது சமயம் நமக்குத் தந்திருக்கிறது. சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் வாதம், பித்தம், கபம் என மூன்றாக வகுத்தவற்றுள் பித்தம் என்பது சரீரம் முழுவதும் வியாபித்து நிற்கும் ஓர் உஷ்ண தத்துவம். கிரேக்க வைத்தியர்களும் மனிதனின் சுபாவத்தை நான்கு நீர்களால் அளந்து, அவற்றுள் இரண்டை மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என்றே பெயரிட்டார்கள். மனச்சோர்வைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் இன்றும் வழங்கும் சொல் ‘கரும் பித்தம்’ என்ற பொருளுடையதே. நாம் இங்கே விசாரிக்கும் பித்தமோ, ஈரலிலே சுரந்து குடலிலே பாயும், மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கசப்பு நீர்.

அந்த நீரைப்பற்றி மேல்நாட்டு முறையில் தமிழிலே எழுதும் முயற்சி ஈழத்திலேதான் வலுப்பெற்றது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சரீரத் தொழில்களை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ என்ற நூலை 1883இல் தமிழுக்குத் தந்தார். ஆனால் பித்தப்பையை இயக்குவது எது என்ற வினாவுக்கு அக்காலத்தில் எவரும் விடை சொல்லியிருக்க முடியாது. ஓமோன் என்ற சொல் அன்று உலகின் எந்த மொழியிலும் பிறந்திருக்கவில்லை. அச்சொல் பிறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பொருட்டு 1936இல் சென்னையிலே கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், நமது வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். தமிழகத்தார் ஹார்மோன் என்பதை நாம் ஓமோன் என்று எழுதிப் பழகியிருக்கிறோம், இரண்டும் ஒன்றே.

குளமும் துருசும்

நவகிரிக்குளத்து நீரை நம்பி வயல் செய்பவர்களுக்குப் பித்தப்பையின் அமைப்பை விளக்குவது எளிது. ஈரல் என்பது ஓயாது ஓடும் ஆறு. இரவு பகல் என்று பாராமல் நாளொன்றுக்கு 600 முதல் 1,000 மில்லி லீற்றர் வரை பித்தநீரை அது சுரந்துகொண்டிருக்கிறது. அந்த ஆற்றின் கிளைக்கால் ஒன்றின் முனையிலே கட்டப்பட்ட சிறு குளமே பித்தப்பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லீற்றர் மாத்திரமே. ஒரு நாளில் சுரக்கும் நீரில் பெரும்பங்கை இச்சிறு குளம் எவ்வாறு கையாளுகிறது என்றால், உள்ளே வந்த பித்தத்திலிருந்து தண்ணீரையும் உப்பையும் தன் சுவர்களாலே உறிஞ்சிக்கொண்டு, ஐந்து மடங்குக்கு மேலாகவும் அதனைத் தடிப்பாக்கிச் சேமித்து வைக்கிறது. வைகாசி வெயிலில் வற்றிய குளத்து நீர் கறுத்துத் தடித்துப் போவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

பித்தக் குழாய் சிறுகுடலின் தலைப்பகுதியாகிய முன்சிறுகுடலைச் சேரும் இடத்திலே, வளையம்போன்ற ஒரு தசை அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1887ஆம் ஆண்டில் இத்தாலிய மாணவராகிய ருகெரோ ஒட்டி அதனை ஆராய்ந்து எழுதியமையால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதுவே துருசு. துருசு மூடியிருக்கும்போது ஆற்றின் நீர் பின்வாங்கிக் குளத்தை நிரப்பும். துருசு திறந்து, குளத்தின் சுவரும் சுருங்கினால், சேமித்த பித்தம் குடலிற் பாய்ந்து, உண்ட கொழுப்பைச் சவர்க்காரம்போல நுண்துளிகளாகச் சிதறடித்து ஜீரணத்துக்கு இணங்கச் செய்யும். குளத்திலே எவ்வளவு நீர் இருந்தாலும் வட்டவிதானை சொல்லாமல் துருசைத் திறக்க எவர்க்கும் உரிமையில்லை என்பது நமது வேளாண்மை மரபு. சரீரத்திலே அந்த வட்டவிதானை யார்?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விடக்கூடாது. போரதீவுப்பற்று வயல்களில் நெல் முற்றுங் காலத்தில் இறங்கி, வேலியையும் வீட்டுச் சுவரையும் உடைத்துப் போகும் யானைக்குப் பித்தப்பை கிடையாது, குதிரைக்கும் கிடையாது. அதே வயலோரத்தில் மேய்ந்து நமக்குத் தயிர் தரும் எருமைக்கு உண்டு. இப்பை ஜீவனுக்கு இன்றியமையாத அவயவம் அன்று, சேமித்து வைத்துச் செலவு செய்யும் ஒரு வசதியே என்பதை யானை தன் மௌனத்தாலே நமக்கு உணர்த்துகிறது. பின்னர் சத்திர சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த யானையை நினைவிற்கொள்ளுதல் நலம்.

வாய் திறவாத் தூது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலே, ஜீரண அவயவங்கள் யாவும் நரம்புகளின் கட்டளையால் மாத்திரமே இயங்குகின்றன என்ற கொள்கை நிலைபெற்றிருந்தது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் கீர்த்தி அதற்குக் காவலாக நின்றது. 1902ஆம் ஆண்டு ஜனவரியில், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பெய்லிஸ், ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர், ஒரு நாயின் சிறுகுடற் பகுதியொன்றை அதற்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துத் தனிப்படுத்தி, அதனுள்ளே சிறிது அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாத அந்தக் குடல் மௌனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சதையி (கணையம்) முன்போலவே நீரைச் சுரந்தது. அந்தக் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடித்தெடுத்த சாரத்தை இரத்தத்தில் ஏற்றியபோதும் சதையி சுரந்தது. ஆகவே தூது சென்றது நரம்பின் வழியே அன்று. இரத்தத்திற் கலந்த ஒரு பதார்த்தமே தூதாகச் சென்றது. அதற்கு செக்ரெற்றின் என்று பெயரிட்டார்கள். 1905இல் இத்தகைய தூதுப் பதார்த்தங்கள் அனைத்துக்கும் பொதுவாக, தூண்டிவிடுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ஸ்டார்லிங் அறிமுகப்படுத்திய பெயரே ஓமோன்.

மண்டூர் முருகன் சந்நிதியிலே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரம் ஒன்றும் உச்சரியாமற் பூசை செய்வதை இப்பகுதியார் அறிவர். சொல் இன்றியே சொல்லவேண்டியது சென்று சேரும் என்பது அந்தச் சம்பிரதாயத்தின் நம்பிக்கை. நரம்பாகிய நாவை அறுத்த பின்னும் குடலின் சொல் சதையியைச் சென்று சேர்ந்ததைக் கண்ட அந்த இரு ஆங்கிலேயரின் வியப்பை மண்டூர் வீதியில் நிற்பவர் எளிதிலே உணரலாம்.

சதையிக்குத் தூது அனுப்பும் குடல் பித்தப்பைக்கும் அனுப்பாதா என்ற வினா அடுத்து எழுந்தது. 1924இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் கிரஹாம், கோல் என்ற இரு சத்திர சிகிச்சையாளர், ஒரு சாயப் பொருளை இரத்தத்தில் ஏற்றி, அது ஈரலின் வழியே பித்தப்பையில் வந்து சேர்ந்த பின் எக்ஸ்ரே எடுத்து, உயிரோடு இருக்கும் மனிதனின் பித்தப்பையை நிழலாகக் காணும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். முட்டை மஞ்சட்கருவும் பாலாடையும் கலந்து கொடுத்தால் அந்த நிழல் சுருங்கி மறைவதை பொய்டன் என்னும் ஆராய்ச்சியாளர் அக்காலத்திலேயே காட்டினார். 1928இல் சிக்காகோவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அண்ட்ரூ ஐவி, எரிக் ஓல்ட்பேர்க் என்ற இருவரும், சிறுகுடலின் உட்சவ்விலிருந்து எடுத்த சாரம் பித்தப்பையைச் சுருங்கச் செய்வதை நிரூபித்து, அதிலுள்ள ஓமோனுக்கு கொலிசிஸ்டோகைனின் என்று பெயர் சூட்டினார்கள். வாயில் நுழையாத பெயராயினும் பொருள் எளியது: பித்தத்தின் பையை அசைப்பது. சதையியிலிருந்து ஜீரண நொதிகளை வெளிப்படுத்தும் வேறொரு ஓமோன் என்று 1943இல் எண்ணப்பட்டதும் இதுவே என்பதை, ஸ்டொக்ஹோமில் பன்றிக் குடல்களிலிருந்து அதனைத் தூய்மைப்படுத்திய யோர்ப்பெஸ், விக்டர் மட் என்ற இருவரும் 1960களிலே தெளிவாக்கினார்கள்.

ஒரு கவளம் உள்ளே போனால்

சோற்றோடு தேங்காய்ப்பாலிற் காய்ச்சிய இறாற் கறியை ஒருவர் உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரைப்பையிலே கலங்கிய அந்த அன்னம் சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் இறங்கும்போது, குடற்சுவரிலே ஆங்காங்கு ஒற்றர்போல உட்கார்ந்திருக்கும் சில கலங்கள், வந்திருப்பது கொழுப்பா, புரதமா, வெறும் மாப்பொருளா என்று சுவைத்துப் பார்க்கின்றன. கொழுப்பும் புரதமும் என்று கண்டால் அக்கலங்கள் கொலிசிஸ்டோகைனினை இரத்தத்தில் விடுகின்றன. அது பித்தப்பையின் தசையை நேரேயும், அண்மையிலுள்ள நரம்புகளைத் தூண்டி மறைமுகமாகவும் சுருங்கச் செய்கிறது. அதே வேளையில் ஒட்டியின் துருசைத் தளர்த்துகிறது. குளத்தை நெருக்குவதும் துருசைத் திறப்பதும் ஒரே சொல்லின் இரு பயன்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளே பையில் இருந்த பித்தத்தின் பெரும்பகுதி குடலிற் பாய்ந்துவிடும். அத்தோடு நில்லாமல், அந்த ஓமோன் சதையியைச் சுரக்கச் செய்து, இரைப்பையை ‘மெல்ல மெல்ல’ என்று தடுத்து, மூளைக்கும் ‘போதும்’ என்ற செய்தியை அனுப்புகிறது. செக்ரெற்றினும் உடன் வந்து, பித்தக் குழாய்களிலே காரத்தன்மையுள்ள நீரைச் சுரப்பித்துப் பித்தத்தின் ஓட்டத்தைப் பெருக்குகிறது.

கொடுக்கச் சொல்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்பவரும் இருக்க வேண்டும். கொழுப்பைக் கரைத்து முடித்த பித்த உப்புக்கள் சிறுகுடலின் கடைக்கோடியை அடைந்து, அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும்போது அக்கடைக்கோடிக் குடலிலிருந்து எப்.ஜி.எப். 19 என்ற மற்றோர் ஓமோன் பிறந்து, ‘இனிச் சுரந்தது போதும்’ என்று ஈரலுக்கும், ‘இனித் தளர்ந்து நிரம்பலாம்’ என்று பித்தப்பைக்கும் சொல்கிறது. பித்தப்பையை நிரப்பும் இத்தொழில் அறியப்பட்டது 2006ஆம் ஆண்டிலேதான். அதுவரை பை தானாகவே நிரம்புவதாகத்தான் பெரும்பாலார் எண்ணியிருந்தனர்.

உண்ணாதிருக்கும் நேரத்திலும் பித்தப்பை முற்றாக உறங்குவதில்லை. இரண்டு மணிக்கொரு தரம் என்னும்படியாக, மோற்றிலின் என்ற ஓமோனின் தூண்டுதலால் வெறுங் குடலிலே ஓர் அலை எழுந்து, மிச்சம் மீதியைக் கூட்டித் துடைத்துக்கொண்டு செல்கிறது. அப்போது பித்தப்பையும் சிறிது சுருங்கித் தன் அடியிலே தங்கியதைக் கலக்கிவிடுகிறது. வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் நீர் தேங்கும் என்பதை அறிந்தவர்க்கு, இந்தச் சிறு கலக்கத்தின் அருமை புரியும். இவையனைத்துக்கும் எதிராக, சோமற்றோஸ்டாற்றின் என்ற ஓமோன் பித்தப்பையின் சுருக்கத்தை அடக்குகிறது. அதனை ஒத்த ஊசி மருந்தை நெடுங்காலம் பெறும் நோயாளர் பலர்க்குப் பித்தக்கல் தோன்றுவதிலிருந்து, ஆணை தவறினால் என்ன நேரும் என்பது தெளிவாகிறது.

கருவைக் காக்கும் சொல்

பித்தத்தில் கொலஸ்திரோல் கரைந்திருக்கிறது. அது தண்ணீரிலே தானாகக் கரையும் பொருளன்று. பித்த உப்புக்களும் லெசித்தினும் தாங்கிப் பிடிக்கும்வரையிலேயே கரைந்திருக்கும். தாங்கும் சக்திக்கு மேல் கொலஸ்திரோல் சேர்ந்து, அதனோடு பையும் சுருங்காமல் தேங்கி நின்றால், முதலிலே சேறுபோன்ற ஒரு படிவும், பின்னர் மணலும், அதன்பின் கல்லும் உண்டாகின்றன. இரத்தக் கலங்கள் மிகையாக அழியும் தலசீமியா போன்ற நோய்களிலே வேறு வகையான கருங்கற்களும் தோன்றும். அவற்றின் காரணம் வேறு.

கருத்தரிக்கும் வயதிலே, ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்குப் பித்தக்கல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் காணப்படுகிறது. மாதவிடாய் நின்ற பின் இந்த வேறுபாடு குறைந்துகொண்டே போகிறது. உணவிலே மாத்திரம் காரணத்தைத் தேடுபவர்கள் இதனை விளக்க முடியாது. ஒரே அடுப்பிற் சமைத்ததைத்தானே கணவனும் மனைவியும் உண்கிறார்கள்? பெண்ணின் ஓமோன்களிலேயே விளக்கம் இருக்கிறது. ஈஸ்திரோஜன், ஈரல் பித்தத்திலே கலக்கும் கொலஸ்திரோலின் அளவைக் கூட்டுகிறது. புரோஜெஸ்தரோன் பித்தப்பையின் தசையைச் சோம்பச் செய்கிறது. தடித்த நீரும் சோம்பிய குளமும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

புரோஜெஸ்தரோன் என்ற பெயரே கருவைத் தாங்குதல் என்ற கருத்தினின்றும் பிறந்தது. கருப்பை ஒரு தசைப் பை. தனக்குள்ளே எதுவும் வளர்ந்தால் அதனைச் சுருங்கி வெளித்தள்ள முயல்வது தசையின் இயல்பு. பத்து மாதமும் அந்த இயல்பை அடக்கி, ‘அசையாதே, பொறு’ என்று ஓயாமற் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஓமோன். ஆனால் ஓமோன் என்பது பெயரும் முகவரியும் எழுதி ஒட்டிய கடிதமன்று; அது ஊர்ப்பறை. பறையொலி தெருவெங்கும் கேட்கும். கேட்கும் செவி படைத்த அவயவம் எதுவோ அது கீழ்ப்படியும். கருப்பைக்குச் சொல்லப்பட்ட ‘பொறு’ என்ற சொல்லைக் குடலும் கேட்டுத் தளர்கிறது. கர்ப்பிணிகளுக்கு மலச்சிக்கல் வருவது அதனாலே. பித்தப்பையும் கேட்டுத் தளர்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குப் பின்னர், உண்ணாத நிலையிற் பையின் கொள்ளளவும், உண்டபின் அதில் எஞ்சும் பித்தமும் ஏறக்குறைய இரு மடங்காகின்றன என்று 1980இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டிற்று. கொலிசிஸ்டோகைனின் வந்து அழைத்தாலும், அரைத் தூக்கத்திலிருப்பவன் போலப் பை அரைகுறையாகவே எழுகிறது. பிள்ளை பிறந்து, பறையொலி நின்றபின், பெரும்பாலான தாய்மாரிலே சேறு தானாகக் கழிந்து போகிறது. சிலரிலே சிறு கற்களுங்கூடக் கரைந்து மறைகின்றன. மறையாமல் தங்கிவிடுபவர்களே பிற்காலத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு அலைபவர்கள்.

இந்த இடத்திலே நம் வீட்டுப் பத்தியத்தையும் சற்று நோக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் கறி வைப்பதும், பெலன் வரவேண்டுமென்று முட்டையையும் நல்லெண்ணெயையும் ஊட்டுவதும் நம் பக்கத்து வழக்கம். பித்தப்பையைச் சுருங்கச் செய்து பார்ப்பதற்காக பொய்டன் கொடுத்த மஞ்சட்கருவையும் பாலாடையையும் முன்னே குறிப்பிட்டோம்; நம் பாட்டிமார் கொடுக்கும் முட்டையும் நல்லெண்ணெயும் அதற்குச் சிறிதும் குறைந்தனவல்ல. கல் இல்லாதவளுக்கு அது நல்ல ஆகாரமே. கர்ப்பகாலத்திலே சேர்ந்த கல்லைப் பையிலே வைத்திருப்பவளுக்கோ, அந்த ஆகாரத்தாற் பிறக்கும் ஓமோன் அவளது பையைப் பலமாக நெருக்க, கல் வந்து கழுத்தை அடைக்க, நோ எழுகிறது. ‘சூடு ஏறிவிட்டது’, ‘பச்சை உடம்பில் வாய்வு புகுந்துவிட்டது’, ‘வாயைக் கட்டாமல் தின்றாள்’ என்று மூன்று குற்றப்பத்திரிகைகள் வாசிக்கப்படுகின்றன. மூன்றிலும் உண்மையில்லை. பிள்ளையைக் காத்த அதே சொல்லே அந்தக் கல்லுக்கும் வித்திட்டது; அவள் செய்த பிழை ஒன்றுமில்லை.

விரதமும் ஊசியும்

உண்ணாவிட்டால் பித்தப்பைக்கு ஓய்வு கிடைத்து நன்மையாகும் என்று சிலர் கருதுகிறார்கள். உண்ணாத இடத்திலே ஆணையில்லை. ஆணையில்லாத இடத்திலே குளம் நிறைந்து தடிக்கிறது. வாயால் உண்ண முடியாமல், நாளங்களின் வழியே மாத்திரம் வாரக் கணக்கில் போஷாக்கு ஏற்றப்படும் நோயாளரின் பித்தப்பையிலே சேறு படிவது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். கந்தசஷ்டி ஆறு நாளும் நீர் மாத்திரம் அருந்தி இருப்பவர்களின் பக்தியை மதிக்கிறோம். ஏற்கெனவே பித்தக்கல் உண்டென்று அறிந்தவர்கள், விரத முறையைப்பற்றி வைத்தியரோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்வதையும், பாரணை நாளிலே முதற் பந்தியில் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள்வதையும் முருகன் குற்றமாக எண்ணமாட்டான்.

மிக விரைவாக உடல் மெலிவதும் இவ்வாறே ஆபத்தானது. மெலியும் சரீரம் தன் கொழுப்பிலிருந்த கொலஸ்திரோலைப் பித்தத்திலே கொட்டுகிறது. உணவு குறைந்தமையாற் பையும் சுருங்குவதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடியேறிய நம் உறவினரிடையே அண்மைக் காலத்திற் பேச்சாகியிருக்கும் மெலிவு ஊசிகளும் ஓர் ஓமோனைப் போலி செய்தவையே: உணவின்பின் குடல் சுரக்கும் ஜீ.எல்.பி. 1 என்பதை ஒத்தவை. பித்தப்பை நோய் சிறிது கூடுதலாக வருவதை ஆராய்ச்சிகள் காட்டியமையால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் அந்த எச்சரிக்கையை அவற்றின் குறிப்பேட்டிலே சேர்க்கச் செய்தது. ஈஸ்திரோஜன் அடங்கிய மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்ளும் பெண்களும் தம் விலா நோவை அலட்சியம் செய்யலாகாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

கல் இருப்பவர் எல்லாரும் நோயாளர் அல்லர். பெரும்பாலாரின் கல் ஒரு தொல்லையும் தராமல் வாழ்நாள் முழுவதும் உடன் இருந்துவிடும். அதனைத் தேடிப்போய் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. வலது விலாவின் கீழோ நெஞ்சுக் குழியிலோ, குறிப்பாகக் கொழுத்த உணவுக்குப் பின்னும் நடு இரவிலும் எழுந்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறி, அரை மணி முதற் சில மணி நேரம்வரை நின்று பின் அடங்கும் நோ மீண்டும் மீண்டும் வந்தால், அதனை வாய்வு என்று உள்ளிப் பூண்டால் மூடிவிடாமல், ஸ்கான் எடுத்துப் பார்த்தல் வேண்டும். நோ ஆறு மணி நேரத்துக்கு மேலும் அடங்காவிட்டாலோ, குளிரும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, கண் மஞ்சளாகிச் செங்கமாரி தெரிந்தாலோ, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். கல் குழாயை அடைத்துவிட்டது, அல்லது பை அழலத் தொடங்கிவிட்டது என்பதற்கு அவை அடையாளங்கள். கர்ப்பிணிக்குத் தோலிலே தழும்பில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாகக் கடித்தால், அதுவும் பித்தத்தின் ஓட்டத்தை ஓமோன் தடுத்தமையாக இருக்கலாம். கிளினிக்கிலே உடனே சொல்ல வேண்டும்.

நோ தரும் பையை எடுத்துவிடுவதே நிலையான பரிகாரம். பேர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற சத்திர சிகிச்சையாளர் 1882ஆம் ஆண்டு ஜூலையிலே முதன்முதல் பித்தப்பையை அகற்றினார். 1985இல் ஜேர்மனியின் எரிக் மூயே வயிற்றை அகலக் கிழிக்காமல், சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தி அதனைச் செய்து காட்டினார். இன்று இலங்கையிலும் அவ்வாறே செய்கிறார்கள். பை போய்விட்டால் எப்படி ஜீரணமாகும் என்று கேட்பவர்களுக்கு யானையை நினைவூட்டலாம். குளம் இல்லாவிட்டாலும் ஆறு ஓடும்; ஈரலிலிருந்து பித்தம் நேரே சொட்டிக்கொண்டிருக்கும். கொலிசிஸ்டோகைனின் வழக்கம்போல வந்து பையைத் தேடி, காணாமல், துருசை மாத்திரம் தளர்த்திவிட்டுப் போகும்.

சந்தியில் முதல் பஸ் ஏறிய அந்தப் பெண்ணின் ஸ்கான் முடியும்போது வெயில் நன்றாக ஏறிவிடுகிறது. அடுத்த கிளினிக்குக்கு வரவேண்டிய திகதி கொப்பியிலே எழுதப்பட்டாயிற்று. வெளியே மரநிழலில் உட்கார்ந்து அவள் பொதியை அவிழ்க்கிறாள்: சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் இறால், ஓரத்திலே தாய் ஒளித்து வைத்த பொரித்த முட்டை. பசி பொறுக்காமல் நான்கு கவளம் உண்டபின், கை தானாக நின்றுவிடுகிறது. முட்டையைத் தொடாமல், பாதிச் சோற்றோடு அப்படியே மடித்துக் கட்டி, விலாவின் கீழே உள்ளங்கையை வைத்து, வருகிறதா வரவில்லையா என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.